மஹய்யாவைக்கு வந்த துரை கட்டில்

யாகப்பர் இருபத்திரண்டு வருடம் ஒரே கட்டிலை விரித்தார். அந்தக் கட்டிலில் ஒரு நாள், ஒரு நிமிடம்கூட அவர் படுத்ததில்லை. இதைச் சொன்னால் இன்றைக்குச் சிலர் சிரிப்பார்கள். ஹுன்னஸ்கிரியப் பக்கத்துத் தேயிலைத் தோட்டத்துப் பங்களாக்களில் அவரைப்போல அப்புவாக, துரையின் வீட்டு வேலைக்காரராக, இருந்த யாரிடமாவது கேட்டுப் பாருங்கள். "தொரை கட்டில்ல நாம படுக்கிறதா, நல்லாயிருக்கே கதை" என்று உங்களைப் பார்த்துத்தான் அவர்கள் சிரிப்பார்கள்.

கட்டில் விரிப்பதில் அவரை மிஞ்ச ஆள் கிடையாது. காலையில் துரை மலைக்குப் புறப்பட்டதும் ஜன்னல்களைத் திறப்பார். நுளம்பு வலையைச் சுருட்டி மேலே கட்டுவார். மெத்தையைப் புரட்டிப் போட்டு, தலையணைகளை இரண்டு பக்கமும் தட்டி, விரிப்பின் நாலு மூலையையும் கடித உறைபோல மடித்துச் சொருகுவார். அப்புறம் உள்ளங்கையை வைத்து ஒரு தடவு தடவுவார். சுருக்கம் என்ற பேச்சே இருக்காது. பக்கத்துத் தோட்டத்துத் துரைசாணி விருந்துக்கு வந்தபோது அந்த விரிப்பைப் பார்த்துவிட்டு, தன் வீட்டு அப்புவை யாகப்பரிடம் படித்துவர அனுப்பினாள் என்றால் பாருங்களேன்.

இதில் ஒரு தொழில் இரகசியமும் இருந்தது. துரை நல்ல பாரமான ஆள், எப்போதும் இடது பக்கம்தான் படுப்பார். அவர் மனைவி துரைசாணி வருடத்தில் முக்கால்வாசி நாள் சீமையில் இருந்தாள். அதனால் கட்டிலின் வலது பக்கம் கடையில் வாங்கியபடியே இருந்தது, இடது பக்கம் பள்ளம் விழுந்துவிட்டது. குதிரை மயிர் அடைத்த மெத்தைதான், ஆனாலும் துரையின் பாரத்துக்கு அது என்ன செய்யும், பாவம். எத்தனை தரம் புரட்டினாலும் இரண்டே வாரத்தில் துரை தன் பள்ளத்தைத் திரும்பத் தோண்டிவிடுவார். யாகப்பர் ஒரு பழைய கம்பளியை நாலாக மடித்துப் பள்ளத்தில் வைத்து, அதற்கு மேல் விரிப்பை இழுத்துவிடுவார். இரவில் துரை படுக்க வரும்முன் கம்பளியை உருவி எடுத்துவிடுவார். பகல் முழுக்கக் கட்டில் மேசைபோலச் சமமாக இருக்கும். இதைச் செய்து செய்து, கடைசியில் பள்ளம் ஒன்று இருக்கிறது என்பதையே மனிதர் மறந்துபோனார். வில்லங்கம் அங்கேதான் பிடித்தது.

ஆயிரத்துத் தொளாயிரத்து முப்பத்தொன்றில் தேயிலை விலை விழுந்தது. கொம்பனி இரண்டு தோட்டங்களை ஒன்றாக்கி, ஒரு பங்களாவைப் பூட்டச் சொன்னது. பூட்டப்பட்டது யாகப்பரின் பங்களா. சாமான்கள் ஏலத்துக்குப் போவதற்கு முந்திய நாள் துரை அவரைக் கூப்பிட்டார்.

"அப்பு, ஒனக்கு என்னா வேணும்? ஒரு சாமான் எடுத்துக்கோ."

பின்னால் நின்ற சமையல்காரன், சுவரில் இருந்த மணிக்கூட்டைக் கண்ணால் காட்டிக் காட்டி அலுத்துப்போனான். யாகப்பர் அந்தப் பக்கம் திரும்பவே இல்லை.

"கட்டிலுங்க தொரை."

துரை வயிறு குலுங்கச் சிரித்தார். "மெத்தையோடயா?"

"மெத்தையோடதாங்க தொரை."

ஏன் கட்டில் என்று கேட்பீர்கள். அதற்கு யோசப்பினைத் தெரிந்திருக்க வேண்டும். யாகப்பரின் மனைவி யோசப்பின் கண்டி மஹய்யாவையில், ரயில் பாதைக்கு மேலே இருந்த வரிசை வீடுகளில் ஒன்றில் இருந்தாள். கோழி கூவும் முன் எழுந்து, சின்னப் பலகையில் குந்தி இடியப்பம் பிழிவாள். ஏழு மணிக்குள் ரயில்வே ஆட்களுக்கும் முனிசிபல்காரர்களுக்கும் தட்டுத் தட்டாகப் போய்விடும். அவளுடைய இடியப்பமும் யாகப்பரின் சம்பளமும் சேர்ந்துதான் ஒரே மகள் டொரதியை வளர்த்து வத்தேகமையில் கட்டிக்கொடுத்தன. யாகப்பர் மாதத்தில் ஒரு சனிக்கிழமை பின்னேரம் வருவார், ஞாயிற்றுக்கிழமை பூசை காண்பார், மத்தியானம் சாப்பிட்டுவிட்டு லொறி பிடிக்க ஓடுவார். அப்படி வந்த ஒரு நாள், இடுப்பைப் பிடித்துக்கொண்டு எழும்பியபடி யோசப்பின் சொன்னாள்: "தரையில படுத்து எழும்புறது இப்பல்லாம் முடியலங்க." ஒரே ஒரு தரம்தான் சொன்னாள். யாகப்பர் அதை மறக்கவில்லை.

இன்னொன்றும் உண்டு, அதை அவர் யாரிடமும் சொல்லவில்லை. ஐம்பத்திரண்டு வயதில் ஒருவன் தன் சொந்த வீட்டுக்கே நிரந்தரமாகத் திரும்பிப் போவது இலேசான காரியமில்லை. அந்த வீடு அவர் இல்லாமலே நடந்து பழகியிருந்தது. வெறுங்கையோடு போய் நின்றால் யோசப்பின் முகம் சுளிக்கமாட்டாள். மாதம் ஒரு முறை வருகிறவருக்கு வைப்பதுபோலவே நல்ல சாப்பாடாக வைப்பாள். யாகப்பருக்கு விருந்தாளியாக இருந்தது போதும் போதும் என்றாகிவிட்டது. அந்த வீட்டில் தனக்கென்று ஓர் இடம் வேண்டும். யோசப்பினுக்கு ஒரு கட்டிலைக் கொண்டுபோய்க் கொடுத்தால் அந்த இடம் தனக்குக் கிடைத்துவிடும் என்று அவர் உறுதியாக நம்பினார்.

கட்டில் தேயிலை லொறியில் வந்தது. தேயிலைப் பெட்டிகளுக்கு மேலே கட்டில் சட்டங்கள், அவற்றுக்கு மேலே படங்குத் துணியால் சுற்றிய மெத்தை. யாகப்பர் தெல்தெனியா தாண்டிக் கண்டி வரும்வரை ஒரு பெட்டியின் விளிம்பில் உட்கார்ந்து, தூக்கிப் போட்ட இடத்திலெல்லாம் அடிபட்டு வந்தார். பக்கத்திலேயே மெத்தை இருந்தது. அதன்மேல் உட்காரலாம் என்று அவருக்குத் தோன்றவே இல்லை.

மஹய்யாவையில் அன்றைக்குத் திருவிழாதான். ஆறு பேர் சேர்ந்து சட்டங்களை உள்ளே கொண்டுபோய்க் கட்டிலாகப் பூட்டினார்கள். முன்னறையில் கட்டில் போக மிச்சம் இருந்தது ஒரு முழம் இடம். மாதா சுருபம் இருந்த மேசை குசினிக்குப் போனது. யாகப்பர் கோட்டைக் கழற்றி ஆணியில் மாட்டிவிட்டு, எல்லோரும் பார்த்திருக்கக் கட்டிலை விரித்தார். விரிப்பு, மடிப்பு, மூலை, தடவல், ஒன்றும் குறையில்லை. கை தன்பாட்டில் அந்தப் பழைய கம்பளியையும் நாலாக மடித்து உள்ளே வைத்துவிட்டது.

"யக்கா, கோயில் பீடம் மாதிரியில்ல இருக்கு" என்றாள் பக்கத்து வீட்டு அங்கம்மா. "இதுல படுத்தா எழும்ப மனசு வருமா?"

முந்தானையால் முகத்தைத் துடைக்கிற சாக்கில் யோசப்பின் சிரித்ததை யாகப்பர் பார்த்தார். இருபத்திரண்டு வருடச் சம்பளத்தையும் ஒன்றாகக் கையில் கொடுத்திருந்தால்கூட அவருக்கு அவ்வளவு சந்தோஷம் வந்திருக்காது.

பார்க்க வந்தவர்கள் எல்லாம் போனார்கள். மத்தியானச் சாப்பாடு முடிந்தது. "படேன், யோசப்பின்" என்றார் யாகப்பர். அவள் கை கால் கழுவிக்கொண்டு வந்தாள். ஆள் படுக்கும்முன் என்ன செய்ய வேண்டும்? அந்தக் கம்பளியை உருவ வேண்டும். யாகப்பர் உருவினார். யோசப்பின் நல்ல பிள்ளையாக வலது பக்கம் படுத்தாள். ஒரு மூச்சு விட்டிருப்பாள், அவ்வளவுதான். உருண்டு போய் இடது பக்கத்துப் பள்ளத்தில் விழுந்தாள்.

உள்ளேயிருந்து குரல் மட்டும் வந்தது. "என்னங்க. இதுல யாரோ படுத்திருந்த மாதிரி இருக்கே."

"தொரைதான்."

"அவரு சீமைக்குப் போயிட்டாருன்னீங்க. இங்கதானே இருக்காரு." அவள் மூக்கைச் சுளித்தாள். "சுருட்டு வாசமும் வருது."

அவள் எழும்புவதற்கு யாகப்பர் கை கொடுக்க வேண்டியிருந்தது. எழும்பி நின்று சேலையைச் சரிசெய்துகொண்டு யோசப்பின் சொன்னாள்: "இன்னொரு ஆம்பளை படுத்த குழியில நான் படுக்க மாட்டேன். ஊரு சிரிக்கும்." அன்று அவள் வழக்கம்போலக் குசினியில் பாயை விரித்துக்கொண்டாள்.

யாகப்பர் தோற்றுப்போகிற ஆளா? மறுநாள் கம்பளியைத் திரும்ப வைத்துத் தைத்தார். யோசப்பின் படுத்துப் பார்த்துவிட்டு, முதுகில் கட்டி வந்த மாதிரி இருக்கிறது என்றாள். பஞ்சு வாங்கிப் பள்ளத்தில் அடைத்தார். பள்ளம் இருந்த இடத்தில் மேடு வந்தது, அவள் இந்தப் பக்கம் உருண்டாள். மெத்தையைத் தலைகால் மாற்றிப் போட்டார். பள்ளம் வலது பக்கத்துக்கு வந்ததே தவிரப் போகவில்லை. மூன்று நாள் வெயிலில் காயவைத்தார். சுருட்டு வாசம் தெரு முழுக்கப் போய்வந்து, மெத்தையிலேயே திரும்ப உட்கார்ந்துகொண்டது.

பத்து நாளாகக் கட்டில் முன்னறையில் ராஜாவாட்டம் நின்றது. அதற்கு ஒரு பக்கத்தில் தரையில் யாகப்பர் படுத்தார், குசினியில் யோசப்பின். காலையில் கட்டிலின்மேல் இடியப்பத் தட்டுகள் அடுக்கியிருந்தன. "தட்டு வைக்க நல்ல வசதிங்க" என்று யோசப்பின் ஆறுதலுக்குத்தான் சொன்னாள். அவருக்கு அது சுருக்கென்று தைத்தது. கட்டிலாலும் பயனில்லை, கட்டிலைக் கொண்டுவந்தவனாலும் பயனில்லை என்று நினைத்துக்கொண்டார். வீட்டில் எதை எடுத்தாலும் அது அவர் கைக்குப் புதிதாக இருந்தது. உப்பு எங்கே என்று கேட்க வேண்டியிருந்தது. வாளி எங்கே என்று கேட்க வேண்டியிருந்தது.

பதினோராம் நாள், இடியப்பம் எல்லாம் போன பிறகு, யோசப்பின் தட்டுகளைக் கழுவிக்கொண்டிருந்தாள். யாகப்பர் வாசலில் நின்று, யாரோ வேற்று ஆளைப் பற்றிப் பேசுவதுபோலச் சொன்னார்: "ஹந்தானையில ஒரு பங்களாவுக்கு அப்பு தேடுறாங்களாம்."

தட்டுக் கழுவும் சத்தம் நின்றது.

"யாருக்கு?"

"எனக்குத்தான். இங்க சும்மா இருந்து என்ன செய்யிறது."

யோசப்பின் ஈரக்கையோடு எழும்பி வந்தாள். அவள் கோபப்பட்டு யாகப்பர் பார்த்ததில்லை. மாதம் ஒரு நாள் வருகிறவரிடம் யார் கோபப்படுவார்கள்?

"இருவத்திரெண்டு வருசம் மலையில கெடந்தது காணாதா உங்களுக்கு? கட்டில் நல்லாத்தான் இருக்கு. கட்டிலுக்கு என்னா கொறை? மெத்ததான் சரியில்ல. ஒரு மெத்தைக்காக ஒரு மனுசன் பொண்டாட்டிய விட்டுட்டு மலையேறுவானா? கோட்டைப் போடுங்க. கடைக்குப் போவோம்."

யாகப்பர் மறுபேச்சுப் பேசாமல் கோட்டைப் போட்டுக்கொண்டார். திட்டு வாங்கிய மனிதர் படியிறங்கும்போது ஏன் அப்படிச் சிரித்துக்கொண்டு போனார் என்று அங்கம்மாவுக்கு விளங்கவில்லை. விருந்தாளியை யாரும் திட்டமாட்டார்கள் அல்லவா.

கண்டித் திருகோணமலை வீதியில், எல்லோரும் அண்ணன் முறைக்கு நானா என்று கூப்பிட்ட ஸெய்னுலாப்தீனின் மெத்தைக் கடை இருந்தது. நானாவின் தாடி எது, அதில் ஒட்டிய இலவம் பஞ்சு எது என்று பிரித்துச் சொல்ல முடியாது. கடைக்குள் அகலப் பலகைகளின்மேல் மெத்தைகள் விரித்திருந்தன. யாகப்பருக்கு மூச்சு வந்தது. இது தன் ராச்சியம், இங்கே தன்னை யாரும் ஏமாற்ற முடியாது. கையைப் பின்னால் கட்டிக்கொண்டு ஒவ்வொன்றாகப் பார்த்தார். தையலை இழுத்தார், மூலையைக் கிள்ளினார், உள்ளங்கையால் தடவினார். கடைசியில் ஒரு தேங்காய்த் தும்பு மெத்தையின் முன்னால் நின்றார். பலகைபோல நேராக, மூலை நாலும் கூர்மையாக இருந்தது.

"இதுதான் மெத்தை. இதுல விரிப்புப் போட்டா எப்பிடி நிக்கும் தெரியுமா."

நானா பஞ்சு கொட்டுகிற தடியைக் கீழே வைத்தார். "அப்பு, நீங்க விரிக்கவா வாங்கிறீங்க, படுக்கவா?"

யோசப்பின் களுக்கென்று சிரித்துவிட்டாள்.

"படுக்கத்தான் நானா" என்றார் யாகப்பர், கொஞ்சம் கடுப்பாக.

"அப்ப படுத்துப் பாருங்க."

"கடையிலயா? ரோட்டுல சனம் போகுது."

"கையால தொட்டு மெத்தை வாங்கினவன் எல்லாம் ரெண்டாம் மாசம் என்ட வாசல்ல வந்து நிக்கிறான். கைக்கா நோவு? முதுகுக்குத்தானே. முதுகைக் கேளுங்க."

யாகப்பர் கட்டிய கையை அவிழ்க்கவில்லை. ஒரு மெத்தையைப் பார்த்தால் அவருக்குக் கை தானாக நீளும், முதுகு நிமிரும். படுப்பது எப்படி என்று அந்த உடம்புக்கு யாரும் சொல்லிக்கொடுக்கவில்லை. வெட்கத்தில் காது சிவந்து நின்றார்.

"நான் படுக்கிறேன்" என்றாள் யோசப்பின். "எனக்குத்தானே இடுப்பு வலி. நானா, நீங்க அந்தப் பக்கம் திரும்பிக்குங்க."

"அதுக்கென்ன தங்கச்சி." நானா கோடு போட்ட மெத்தைத் துணியில் ஒரு நீளத்தைக் கிழித்துக் கயிற்றில் போட்டு மறைப்புக் கட்டினார். அவர் இந்தப் பக்கம் நின்றார். யாகப்பர் எந்தப் பக்கம் நிற்பது என்று தெரியாமல் துணியின் ஓரத்தில் நின்றார்.

முதலில் தும்பு மெத்தை. "இது தரை. தரை எங்க வீட்டுலயே இருக்கு" என்று உடனே தீர்ப்பு வந்தது. அடுத்தது முழு இலவம் பஞ்சு. அதில் ஆளே காணாமல் போனாள். "எழுப்பிவிட நாலு பேர் வேணும்" என்று உள்ளேயிருந்து கத்தினாள். ஒரு கையால் யாகப்பரையும் மற்றக் கையால் நானாவின் பலகையையும் பிடித்து எழும்பினாள். நானா தாடியைத் தடவினார்.

"அந்தக் கடைசி மெத்தையில படுங்க. கீழ தும்பு, மேல பஞ்சு. என்ட உம்மாட முதுகுக்கு இப்பிடித்தான் அடிச்சுக் குடுத்தேன்."

யோசப்பின் போய்ப் படுத்தாள். ஒரு சத்தமும் இல்லை.

"என்னா, எப்பிடி?" என்றார் யாகப்பர்.

பதில் இல்லை.

"யோசப்பின், இது சரியா?"

துணியை விலக்கி எட்டிப் பார்த்தார். அவள் ஒருக்களித்துப் படுத்து, கன்னத்துக்குக் கீழே கையை வைத்துக்கொண்டு நல்ல தூக்கத்தில் இருந்தாள்.

யாகப்பர் பதறிப்போனார். பட்டப்பகல், பத்தரை மணி, திருகோணமலை வீதி. தோளைத் தட்டக் கை நீட்டியவரை நானா கோட்டு நுனியைப் பிடித்து இழுத்தார். "விடுங்க அப்பு. மெத்தைக்கு இதைவிடச் சாட்சி வேணுமா. தூங்கட்டும்."

ஒரு பஞ்சு மூட்டையை அவருக்கு இழுத்துப் போட்டுவிட்டு நானா தன் வேலைக்குப் போனார். தலையணை வாங்க வந்த ஸுலைஹா என்ற பெண்ணிடம் உதட்டில் விரலை வைத்துக் காட்டினார். அவள் மறைப்பைப் பார்த்துவிட்டு, பேச்சே இல்லாமல் கை காட்டி இரண்டு தலையணை வாங்கிக்கொண்டு போனாள். வெளியே மாட்டு வண்டிகள் போயின. யாரோ வத்தாளங்கிழங்கு கூவி விற்றார்கள். யோசப்பின் அசையவில்லை. மெல்லிசாக ஒரு குறட்டை மட்டும் வந்தது.

யாகப்பர் அவள் முகத்தைப் பார்த்துக்கொண்டிருந்தார். மணிக்கட்டில் காய்ந்த மாவு ஒட்டியிருந்தது. நெற்றியில் எப்போதும் இருக்கும் அந்த மடிப்பைக் காணவில்லை. வாய் கொஞ்சம் திறந்திருந்தது. அப்போதுதான் அவருக்கு ஒன்று உறைத்தது. இவள் தூங்கி நான் பார்த்ததே இல்லை. வீட்டுக்கு வந்த ஒவ்வொரு முறையும் அவர் படுத்த பிறகுதான் அவள் படுத்தாள், அவர் எழும்பும்முன் எழும்பினாள். இந்தப் பத்து நாளும் அப்படியே. துரை எந்தப் பக்கம் திரும்பிப் படுப்பார், எத்தனை மணிக்குக் குறட்டையை நிறுத்துவார், காலைத் தேத்தண்ணீரைக் கொண்டுபோய் வைக்கும்போது அவர் முகம் எப்படி இருக்கும், எல்லாம் யாகப்பருக்கு மனப்பாடம். இருபத்திரண்டு வருடம் ஒரு வெள்ளைக்காரன் தூங்கும் முகத்தைப் பார்த்துவிட்டேன், என் பெண்டாட்டி தூங்கும் முகத்தை இன்றைக்குத்தான் பார்க்கிறேன் என்று நினைத்தார். கண் கலங்கியது. அழுகை என்று சொல்ல முடியாது, சந்தோஷம்தான் அதிகம். அவளைப் பார்த்தபடி இன்னும் எத்தனை மணித்தியாலம் வேண்டுமானாலும் அந்த மூட்டையில் அவர் உட்கார்ந்திருப்பார்.

முக்கால் மணித்தியாலம் கழித்து யோசப்பின் கண் விழித்தாள். எங்கே இருக்கிறோம் என்று தெரியாமல் கூரையைப் பார்த்தாள். பிறகு யாகப்பரைப் பார்த்தாள்.

"தூங்கிட்டேனா?"

"ஆமா."

"நானா என்னா நெனச்சிருப்பாரு. எழுப்பக் கூடாதாங்க?"

"மனசு வரல்ல" என்றார் யாகப்பர்.

அவள் அவர் கண்ணைப் பார்த்தாள். ஏன் சிவந்திருக்கிறது என்று கேட்கவில்லை. எழும்பப் போனவள் திரும்பத் தலையை வைத்துக்கொண்டாள்.

மறைப்புக்கு அந்தப் பக்கத்திலிருந்து நானாவின் குரல் வந்தது. "அப்புவும் படுத்துப் பார்க்கணும். ஒரு ஆளைக் கேட்டு ரெண்டு பேருக்கு மெத்தை அடிக்க ஏலாது."

"எனக்கு எதுவும் சரிதான் நானா."

"படுங்க" என்றாள் யோசப்பின்.

யாகப்பர் கோட்டைக் கழற்றினார். அதை மடித்து மூட்டைமேல் வைத்தார். மெத்தையின் ஓரத்தில் உட்கார்ந்தார், காலைத் தூக்கினார், இரண்டு கையையும் பக்கத்தில் ஒட்டவைத்துக்கொண்டு, துரைக்கு முன்னால் நிற்பதுபோலவே மல்லாந்து படுத்தார். பஞ்சு இடம் கொடுத்தது. அதற்குக் கீழே தும்பு தாங்கிப் பிடித்தது. இடுப்பு, தோள், கழுத்து என்று ஒவ்வொன்றாக அவரிடமிருந்து கழன்று போயின. இவ்வளவு சுகமா இது என்று அவருக்கு ஆச்சரியமாக இருந்தது. இதையா இத்தனை வருடம் வெறும் கையால் தடவிக்கொண்டிருந்தோம்.

"அந்த ஓரத்துல என்னாத்துக்குப் படுக்கிறீங்க, விழுந்திருவீங்க" என்றாள் யோசப்பின். "இங்கிட்டு வாங்க. நான் மூணு மணிக்கு எழும்பணும், எனக்கு வெளிப்பக்கம் வேணும். செவத்துப் பக்கம் உங்களுக்கு."

யாகப்பர் கூரையைப் பார்த்தபடி கேட்டார்: "எப்பவுமா?"

"பின்ன, மாசத்துல ஒரு நாளைக்கா?" என்றாள் யோசப்பின்.

அவள் எழும்பி வழிவிட்டாள். யாகப்பர் உள்பக்கமாக நகர்ந்து படுத்துக்கொண்டார்.